புல்லட்டில் சைட்கார்: பொருத்தும் முறையும் ஓட்டப் பழகும் முறையும்

சைட்கார் என்பது மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் பூட்டப்படும், ஒற்றைச் சக்கரம் கொண்ட, ஆள் அமரும் பெட்டி. மூன்று சக்கரம் இருப்பதால் சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள் கீழே விழாது, ஆகவே இரு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்த எவரும் அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படி நம்பித்தான் தொடங்கினேன். முழங்கால் தேய்ந்து, பின் இருக்கையில் காலைத் தூக்கிப் போட முடியாமல் போன என் தாயாரைக் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வதற்காக, பல ஆண்டுகளாக என்னிடம் இருந்த 350 சிசி புல்லட்டின் இடப்பக்கத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தினேன். முதல் நாள், முதல் இடது திருப்பத்தில், வண்டி நான் நினைத்த பக்கம் திரும்பாமல் சாலையின் வலது பாதிக்குள் நுழைந்தது. எதிரே எதுவும் வரவில்லை, பெட்டியிலும் யாரும் இல்லை. ஏன் அப்படி நடந்தது என்று புரிந்துகொண்ட பிறகுதான் தாயாரை அதில் உட்கார வைத்தேன். இந்த வண்டியைப் பொருத்தவோ வாங்கவோ எண்ணுகிறவர்களுக்கு அந்தப் புரிதல் முதல் நாளே இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இது என்ன மாதிரியான வண்டி

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் இருப்பதால் இடமும் வலமும் சமம். சைட்கார் வண்டியில் அந்தச் சமநிலை கிடையாது. எஞ்சினும் அதன் இழுவையும் வலது ஓரத்தில் இருக்க, இடது பக்கத்தில் சுமார் 60 முதல் 100 கிலோ வரை எடையுள்ள ஒரு பெட்டி தானாக நகரும் சக்தியில்லாமல் தொங்கிக்கொண்டு வருகிறது. இதன் குணங்கள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மோட்டார் சைக்கிள் முன்னே பாய, பெட்டி பின்தங்க, வண்டியின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் மோட்டார் சைக்கிள் நிற்க, பெட்டி முன்னே தள்ள, மூக்கு வலப்பக்கம் போகும். வலது பக்கம் என்பது நம் நாட்டில் எதிர்வண்டி வரும் பக்கம் என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வலப்புறம் வண்டி ஓட்டும் நாடுகளில் பெட்டியும் வலப்பக்கத்தில் இருப்பதால், அந்நாட்டவர் எழுதும் குறிப்புகளையும் காணொளிகளையும் பின்பற்றும்போது இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படிக்க வேண்டும். இதில் தவறினால் பாடம் முழுவதும் தலைகீழாகிவிடும்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2(27) பிரிவில் மோட்டார் சைக்கிள் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, கழற்றக்கூடிய, கூடுதல் சக்கரம் கொண்ட சைட்காரும் அடங்கிவிடுகிறது. ஆகவே சைட்கார் சட்டத்துக்குப் புறம்பான பொருள் அன்று. ஆனால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எனவே பெட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்ய என்ன தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள். இரு சக்கர வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், வண்டியின் மதிப்புக்குப் பக்கத்தில் சைட்காருக்கென்று ஒரு தனிக் கட்டம் பெரும்பாலும் பூஜ்யத்துடன் இருக்கும். அந்தக் கட்டம் நிரப்பப்படாமல் சாலையில் இறங்க வேண்டாம்.

வண்டியும் பெட்டியும்

1955 முதல் சென்னையில் தயாராகிவரும் புல்லட், இந்தியாவில் சைட்காருக்குப் பெரிதும் விரும்பப்படும் வண்டியாக இருப்பதற்குக் காரணம் வேகமன்று. குறைந்த சுற்றிலேயே இழுக்கும் எஞ்சின், இரும்புக் குழாய்ச் சட்டம், ஊருக்கு ஊர் கிடைக்கும் உதிரிப் பாகம் ஆகியவையே காரணம். ஆயினும் அதன் திறன் சுமார் 20 குதிரைத்திறன்தான். வண்டி 190 கிலோ, பெட்டி 80 கிலோ, ஓட்டுபவர் 75, பெட்டியில் அமர்பவர் 60 என்று கூட்டினால் 400 கிலோவைத் தாண்டுகிறது. இந்தக் கூட்டலைச் செய்து பார்த்தவர்கள் மணிக்கு 50, 60 கி.மீ. வேகத்தோடு மனநிறைவு கொள்வார்கள். வேகம் வேண்டும் என்பவர்களுக்கு நான் சைட்காரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சைட்காருக்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ரஷ்யாவின் யூரல் வண்டியைப் பார்க்கலாம். 1941இல் பிஎம்டபிள்யூவின் ஆர்71 வடிவத்தைத் தழுவிப் பிறந்த அந்த வரிசையில் ரிவர்ஸ் கியர் உண்டு. சில வகைகளில் பெட்டியின் சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுவை செல்கிறது. ஹேண்டில்பார் கனக்காமல் இருக்க முன் ஃபோர்க்கே வேறு விதமாக அமைந்திருக்கிறது. நம்முடைய புல்லட்டில் இவை எதுவும் இல்லை. அந்தக் குறைகளைப் பொருத்தும் நேர்த்தியாலும் ஓட்டும் நிதானத்தாலும் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் மேலேயுள்ள பெயிண்டைப் பார்க்காமல், பெட்டியைக் கவிழ்த்து அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டருக்காகச் செய்த இலேசான சட்டத்தைப் புல்லட்டுக்குப் பூட்டக் கூடாது. பெட்டிச் சக்கரத்தின் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, ஷாக் அப்சார்பர் அமுங்கி எழுகிறதா என்பவை அடுத்தபடி. பெட்டிச் சக்கரத்துக்குத் தனி பிரேக் இருந்தால் விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். வண்டியின் மூன்றிலொரு பங்கு எடையை பிரேக் இல்லாமல் உருட்டுவது நல்லதன்று.

நான்கு பிடிகள்

பெட்டியின் சட்டம் மோட்டார் சைக்கிளை நான்கு இடங்களில் பிடிக்க வேண்டும். கீழே முன்புறம் எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் குழாயின் அடியில் ஒன்று, கீழே பின்புறம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பிணைப்புக்கு அருகில் ஒன்று. இவ்விரண்டும் எடையைத் தாங்கி இழுவையைக் கடத்துபவை. மேலே முன்புறம் பெட்ரோல் டேங்குக்குக் கீழே ஸ்டியரிங் தலைக்கு அருகில் ஒன்று, மேலே பின்புறம் இருக்கைக்கு அடியில் ஒன்று. இவை வண்டி சாயாமல் நிறுத்துபவை. இவற்றின் நீளத்தைத் திருகிக் கூட்டிக் குறைத்துத்தான் சாய்வைச் சரிசெய்கிறோம். மூன்று பிடி போதும் என்று சொல்கிற பட்டறையிலிருந்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

இந்தப் பிடிகளைச் சட்டக் குழாயின் மீது நேரடியாக வெல்டிங் செய்வதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். என் வண்டியில் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்தார்கள். நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்புற வெல்டிங்கின் விளிம்பை ஒட்டி முடி கனத்தில் ஒரு துருக் கோடு தெரிந்தது. துடைத்தேன், போயிற்று. மறு வாரம் அதே இடத்தில் மீண்டும் வந்தது. நகத்தை வைத்து இழுத்தபோது நகம் மாட்டியது. குழாய் விரிசல் விட்டிருந்தது. வெல்டிங்கின் வெப்பத்தால் அதன் ஓரத்தில் குழாய் தன் உறுதியை இழக்கிறது. பெட்டியின் ஒவ்வோர் அசைவும் அதே இடத்தை முறுக்குகிறது. குழாயை முழுவதுமாகச் சுற்றிப் பிடிக்கும் இரு பாதி கிளாம்ப்களை லேத் பட்டறையில் குழாயின் அளவுக்குக் கடைந்து வாங்குவதும், வண்டியில் ஏற்கனவே உள்ள எஞ்சின் போல்ட் துளைகளைப் பயன்படுத்தித் தனித் துணைச் சட்டம் அமைப்பதும்தான் சரியான வழி. போல்ட்டுகள் உயர்தர இரும்பாகவும், நட்டுகள் தளராத நைலான் வளைய நட்டுகளாகவும் இருக்கட்டும். பூட்டுவதற்கு முன், பெட்டி வந்த பிறகும் செயினை இறுக்கவும், பின்சக்கரத்தைக் கழற்றவும், எஞ்சின் ஆயில் மாற்றவும் கை நுழையுமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்க சைடு ஸ்டாண்டைக் கழற்ற வேண்டியிருக்கும். சில புதிய வண்டிகளில் அதனுடன் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் இணைந்திருப்பதால் மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அளவு பார்த்தல்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனாரிடம் உள்ள தூக்குக்குண்டு, ரசமட்டம், வளையாத இரண்டு நீண்ட அலுமினியச் சட்டங்கள், ஒரு டேப், இவை போதும். தரை சமமாக இருக்க வேண்டும். மூன்று டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். உங்கள் எடையுள்ள ஒருவர் வண்டியில் அமர, வழக்கமாகப் பெட்டியில் ஏறும் எடையில் பாதியை மணல் மூட்டையாகப் பெட்டியில் வைத்த பிறகே அளக்க வேண்டும். வெறும் வண்டியை அளந்தால் ஸ்பிரிங் அமுங்கியதும் எல்லா அளவும் மாறிவிடும்.

முதலாவது, பெட்டிச் சக்கரம் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது. அதன் அச்சு, மோட்டார் சைக்கிளின் பின்சக்கர அச்சுக்கு நேராக இருக்கக் கூடாது. 150 முதல் 250 மி.மீ. வரை முன்னால் இருக்க வேண்டும். குறைந்தால் வலது திருப்பத்தில் வண்டி பெட்டியின் மூக்கைக் குத்திக்கொண்டு கவிழப் பார்க்கும். மிகுந்தால் திருப்புவது கனத்து டயர் தேயும்.

இரண்டாவது, கார் சக்கர அலைன்மெண்ட் செய்பவர்கள் டோ-இன் என்று சொல்வது. மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களையும் ஒட்டி ஒரு அலுமினியச் சட்டத்தையும், பெட்டிச் சக்கரத்தை ஒட்டி மற்றொன்றையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் செங்கல் மேல் வையுங்கள். புல்லட்டின் பின் டயர் முன் டயரைவிட அகலமாக இருந்தால், சட்டம் பின் டயரைத் தொடும்போது முன் டயரில் அகல வேறுபாட்டின் பாதி அளவு இடைவெளி விட வேண்டும், 90 மி.மீ. முன் டயரும் 110 மி.மீ. பின் டயரும் என்றால் 10 மி.மீ. இடைவெளி. பிறகு இரண்டு சட்டங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்சக்கரத்துக்கு நேராகவும் பின்சக்கரத்துக்கு நேராகவும் அளந்தால், முன்னால் 10 முதல் 20 மி.மீ. வரை குறைவாக இருக்க வேண்டும். அதாவது பெட்டிச் சக்கரம் மோட்டார் சைக்கிளை நோக்கி மிகச் சிறிது முகம் திருப்பியிருக்க வேண்டும். பெட்டி இடப்பக்கம் இழுக்கும் இழுப்பை இது ஓரளவு ஈடுகட்டுகிறது.

மூன்றாவது, சாய்வு. மோட்டார் சைக்கிள் செங்குத்தாக நிற்காமல் பெட்டிக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வலப்பக்கமாக, 1 முதல் 2 பாகை சாய்ந்திருக்க வேண்டும். இருக்கை உயரமான 80 செ.மீ.யிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் தரைமட்டத்தில் 14 முதல் 28 மி.மீ. வரை விலகல் தெரியும். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடப்படுவதால் இடப்பக்கம் செல்லும் வண்டி இயல்பாகவே இடப்பக்கம் இறங்கும். அதையும் இந்தச் சாய்வுதான் சமன் செய்கிறது.

மூன்றும் முடிந்ததும் வாகனமில்லாத நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில், ஹேண்டில்பாரில் விரல்களை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் இழுத்தால் சாய்வைச் சிறிது கூட்டுங்கள். வலப்பக்கம் இழுத்தால் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். டோ-இன் சரியா என்பதை ஒரு மாதம் கழித்து டயரே சொல்லும். பெட்டி டயரின் பட்டைகளின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒரு முறையும் வெளியிலிருந்து உள்ளே ஒரு முறையும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறு பக்கம் அரம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால், சக்கரம் உருளாமல் தேய்த்துக்கொண்டு வருகிறது என்று பொருள். மறுபடியும் அளக்க வேண்டும்.

20 முதல் 30 கி.மீ. வேகத்தில் ஹேண்டில்பார் இடமும் வலமும் நடுங்குவது சைட்கார் வண்டிகளில் காணப்படும் இயல்பு. முதலில் ஸ்டியரிங் தலையில் உள்ள பேரிங்கான கோன்செட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் நடுக்கம் நிற்காவிட்டால் அதை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் ஒன்றைப் பொருத்துங்கள். வண்டி ஏற்றத்தில் திணறினால் செயின் ஓடும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துக்கொள்ளலாம். கிளட்ச் தட்டுகளுக்கும் அது நல்லது.

ஓட்டப் பழகுதல்

தனி மோட்டார் சைக்கிளில் சற்று வேகமெடுத்த பிறகு இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், நாம் அறியாமலேயே இடது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறோம். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்ப, வண்டி இடப்பக்கம் சாய்ந்து வளைகிறது. சைட்கார் வண்டி சாயாது. அதில் இடது கைப்பிடியைத் தள்ளினால் முன்சக்கரம் எங்கே பார்க்கிறதோ அங்கேயே, வலப்பக்கமே, போகும். என் முதல் நாள் பிழை இதுதான். பல ஆண்டுகளாகக் கையில் ஊறிய பழக்கம், அவசரத்தில் மூளையைக் கேட்காமல் தானே வேலை செய்துவிடுகிறது. ஆகவே ஓட்டத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் பழக வேண்டும்.

ஒரு பெரிய மைதானத்தைத் தேடிக்கொள்ளுங்கள். பெட்டியில் 40 கிலோ மணல் மூட்டையை, மூக்குப் பக்கம் வைக்காமல் சக்கரத்தின் அச்சுக்கு நேராகத் தாழ்வாக வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். முதல் அரை மணி நேரம் நேராகப் புறப்பட்டு நேராக நிற்பதை மட்டும் செய்யுங்கள்; புறப்படும்போது இடப்பக்கமும் நிற்கும்போது வலப்பக்கமும் மூக்கு இழுப்பதைக் கைகள் உணர வேண்டும். நிற்கும்போது கால்களைக் கால்தாங்கியிலேயே வைத்திருங்கள். பழக்கத்தில் இடது காலைத் தரையில் ஊன்றினால் பெட்டியின் பிடிகளுக்கு இடையே கால் சிக்கிவிடும். பிறகு வலப்பக்க வட்டம், அடுத்து இடப்பக்க வட்டம், பிறகு காலி பாட்டில்களை வரிசையாக வைத்து அவற்றினூடே வளைந்து செல்லுதல், கடைசியில் எட்டுப் போடுதல். ஓட்டுநர் உரிமத்துக்காகப் போட்ட எட்டு இங்கே உதவாது. தோளால் ஹேண்டிலைத் திருப்ப வேண்டியிருக்கும். மாலையில் மேல்கைகள் வலிக்கும்.

அடுத்த நாள் மணல் மூட்டையை இறக்கிவிட்டு, மெல்ல 15 கி.மீ. வேகத்தில் இடப்பக்க வட்டம் போட்டு, வட்டத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குங்கள். ஒரு கட்டத்தில் பெட்டிச் சக்கரம் தரையை விட்டு எழும். அது எழுவதை மைதானத்தில் பலமுறை பார்த்தவர்தான் சாலையில் பதறமாட்டார். எழுந்தவுடன் செய்ய வேண்டியது, ஆக்ஸிலேட்டரை மெல்லத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சிறிது வலப்பக்கம் விடுவதுதான், சக்கரம் இறங்கிவிடும். பிரேக்கைத் திடீரென்று அழுத்தக் கூடாது. இந்தப் பயிற்சியைப் பெட்டியில் யாரையும் வைத்துக்கொண்டு செய்யக் கூடாது.

ஆனால் சாலையில் வலப்பக்கம் விடுவதற்கு இடம் இருக்காது, அங்கே பேருந்து வரும். ஆகவே இடது வளைவில் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவினுள் இலேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துச் செல்ல வேண்டும். அந்த இழுவை மூக்கை இடப்பக்கமே கொண்டுபோகும். வலது வளைவில் பெட்டி தரையில் அழுந்துவதால் வண்டி உறுதியாகத் தோன்றும். அந்த உறுதியை நம்பி வேகமாக நுழைந்து நடுவில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் எழுந்துவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை போன்ற இடங்களுக்கு முதல் ஆறு மாதம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சமவெளிச் சாலைக்கும் தனிக் கவனம் வேண்டும். குழியைக் கண்டு மோட்டார் சைக்கிளை விலக்கினால் பெட்டிச் சக்கரம் அதில் இறங்கும்; ஒரு மீட்டருக்கு மேல் இடப்பக்கம் தள்ளி இன்னொரு சக்கரம் வருகிறது என்பதைக் கண் பழக வேண்டும். தார் சாலையின் ஓரத்தில் மண் அரித்துப் போன இடங்களில் அந்தச் சக்கரம் ஒரு சாண் கீழே விழுந்து வண்டியையே இழுத்துவிடும் என்பதால், லாரி ஹாரன் அடித்தாலும் ஓரத்துக்கு ஒதுங்காதீர்கள். வேகத்தைக் குறைத்து அதை முன்னே விடுங்கள். வேகத்தடையை மூலைவாட்டில் ஏறக் கூடாது. பின்னால் நகர்த்தத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. சரிவில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்தினால் தனி ஆளாக எடுக்க முடியாது.

பெட்டியில் அமர்பவரும் பராமரிப்பும்

பெரியவர்கள் ஏறும்போது வண்டியை முதல் கியரில் நிறுத்தி, ஒரு தாழ்வான முக்காலியைப் போட்டு, பெட்டியின் மூக்கில் கால் வைக்காமல் பக்கவாட்டில் ஏறச் சொல்லுங்கள். சேலைத் தலைப்பையும் துண்டையும் உள்ளே மடித்து அமரட்டும். தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் கட்டாயம். சைட்கார் பந்தயங்களில் உடன் செல்பவர் உடம்பை வெளியே தள்ளித் தள்ளி வண்டியைச் சமன் செய்கிறார். நம் பெட்டியில் இருப்பவருக்கு அந்த வேலை வேண்டாம். இடது திருப்பத்தில் வெளியே எட்டிப் பார்க்காமல் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். பெட்டி காலியாகத் திரும்பும் நாளில் மணல் மூட்டை திரும்ப ஏற வேண்டும். ஆளை இறக்கிவிட்டு அதே வேகத்தில் வீடு திரும்பும் பயணத்தில்தான் ஆபத்து அதிகம்.

பூட்டிய பிறகு 50, 200, 500 கி.மீ. என்று மூன்று முறை எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள். இறுக்கியதும் நட்டின் மேலும் அதை ஒட்டிய சட்டத்தின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், பிறகு கோடு உடைந்திருப்பதைப் பார்த்தே தளர்ந்ததைக் கண்டுகொள்ளலாம். தனி மோட்டார் சைக்கிளின் சக்கரம் சாய்ந்து வளைவதால் அதற்குப் பக்கவாட்டுச் சுமை குறைவு. சைட்கார் வண்டியில் ஒவ்வொரு திருப்பமும் ஸ்போக்ஸ் கம்பிகளைப் பக்கவாட்டில் வளைக்கிறது. மாதம் ஒரு முறை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒரு ஸ்பேனரால் கம்பிகளைத் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். பின் டயர் தனி வண்டியில் உழைத்ததைவிட விரைவில் நடுவில் தட்டையாகத் தேயும். அதை இழப்பாகக் கருதாமல் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆனால் சென்டர் ஸ்டாண்ட் உதவாது என்பதால், பெட்டியின் பின்புறம் சிறிய ஜாக்கி ஒன்றும் அதன் அடியில் வைக்க ஒரு மரக்கட்டையும் எப்போதும் இருக்கட்டும்.